ஒட்டகம் என்று பெயர் வைத்தவன்

என்னோடு இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு நான் ஒட்டகம் என்று பெயர் வைத்தேன். அவர் சாவதற்கு முன்பு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தம்முடைய மரண அறிவிப்பில் தம் சொந்தப் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அது எப்படி நடந்தது என்ற விவரம்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது தனியாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்க விடாதவன் நான். இப்போது இங்கே எழுதி நல்லவன் ஆகிவிட முடியாது.

ஜார்ஜ் டவுனில் துறைமுகத்துக்கு எதிரே உள்ள தெருவில், மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கப்பலில் வரும் சரக்குகளுக்குப் பத்திரங்கள் தயாரிப்பது எங்கள் வேலை. நான் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். ஆங்கிலப் பள்ளியில் சீனியர் தேர்வு முடித்தவன். தமிழை நானாகப் படித்தேன். அகராதியைக் கதைப் புத்தகம் போல வாசிக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. கோவில் மலருக்குக் கட்டுரை, இறந்தவர்களுக்கு இரங்கற்பா, திருமணத்துக்கு வாழ்த்துமடல் என்று யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் சுங்கப் பத்திரங்களைப் பார்த்துக்கொண்ட தமிழ் முஸ்லிம் நண்பர் ஒருவர் இருந்தார். அவரை எல்லாரும் பாய் என்றே அழைப்போம்.

எனக்கு முப்பத்து நான்கு வயதானபோது, நான் பெயர் வைத்த அந்த மனிதர் வேலைக்கு வந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். நிபோங் திபாலுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். திருமணமாகி, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் குடியிருந்தார். தினமும் ஃபெரியில் எங்கள் தீவுக்கு வருவார். சிறு வயதில் முதுகுத்தண்டில் வந்த ஒரு நோயால் அவருக்குக் கூன் விழுந்திருந்தது. கழுத்து நீளம். கீழுதடு சற்றுத் தொங்கும். முதல் நாள் அவர் மாடிப்படி ஏறி வந்ததை என் நாற்காலியிலிருந்து பார்த்தேன். முதலில் தலை தெரிந்தது, பிறகு கழுத்து, அதற்குப் பின்னால் முதுகு.

"பாய், பாலைவனத்துலருந்து பார்சல் வந்துருக்கு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க" என்றேன்.

அறை முழுக்கச் சிரித்தது. அவருக்கு என்ன விஷயம் என்று புரியவில்லை. சிரிக்கிறவர்களைப் பார்த்துத் தாமும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் உதடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. மதியத்துக்குள் பெயர் நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்தது வெறும் கேலி இல்லை. கேலியோடு நிறுத்தியிருந்தால் காலப்போக்கில் நீர்த்துப் போயிருக்கும். எனக்குப் படிப்பு இருந்தது. அதைக் கொண்டு அந்தப் பெயருக்குத் தீனி போட்டேன். ஒட்டகத்தில் இரண்டு வகை உண்டு, குளிர்நாட்டு ஒட்டகத்துக்கு இரண்டு திமில், அரபு நாட்டு ஒட்டகத்துக்கு ஒன்று என்று அவர் எதிரிலேயே அலுவலகத்துக்குப் பாடம் நடத்தினேன். "உனக்கு ஒண்ணுதானே இருக்கு? அப்ப நீ அரபு வகை, உசத்தி ஜாதிப்பா" என்றேன். ஒற்றைத் திமில் ஒட்டகத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர், ஓடுதல் என்ற பொருள் தரும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதையும் சொல்லிவிட்டு, மெதுவாக நடக்கும் அவரை மூன்றாவது மாடிக் கிடங்குக்கு அடிக்கடி அனுப்பி, எத்தனை நிமிடத்தில் திரும்புகிறார் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். பாலைவனக் கப்பல் என்பார்களே, அதுவும் எங்கள் அலுவலகத்துக்குப் பொருந்தியது. "நம்ம கம்பெனில எல்லாக் கப்பலும் தண்ணியில போவுது, இது ஒண்ணுதான் தரையில போவுது" என்பேன். மலாய்க்காரப் பியூனுக்கு உன்தா என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் மொழியில் ஒட்டகத்துக்கு அதுதான் பெயர்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டு வந்த மருந்தைக் கொடுக்க அவர் மனைவி வந்தார். ஒல்லியான, கால் நீண்ட பெண். கதவருகே நின்று கொடுத்துவிட்டுப் போனார். மலாயில் தீக்கோழியை ஒட்டகப் பறவை என்பார்கள். அந்தப் பெண் படியிறங்கும் முன்பே அந்தச் சொல்லை நான் அறைக்குள் சொல்லிவிட்டேன். கீழே அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. கணவரின் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

நம்முடைய பழைய இலக்கணம் ஒட்டகத்தின் பெண்ணைப் பெட்டை என்றும் பிள்ளையைக் கன்று என்றும் சொல்லலாம் என்கிறது. அவருக்குத் திருமணமாகி வெகுகாலம் கழித்து ஒரு மகள் பிறந்தாள். லட்டுப் பெட்டியோடு வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"என்னா ஒட்டகம், பெட்டை கன்னு போட்டாச்சா?" என்றேன்.

சிரிப்பு அடங்கும்வரை பெட்டியைத் திறக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திறந்து, முதல் லட்டை எனக்குத்தான் நீட்டினார். "எடுத்துக்குங்க சார்." எடுத்தேன். நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

பாய் அன்று எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து என்னிடம் தணிந்த குரலில் பேசினார்.

"அண்ணே, படிச்சவங்க நீங்க. படிச்சத இதுக்கா செலவு பண்றது?"

"பாய், அது உங்க ஊரு மிருகம்லா. நான் மரியாதைதான் குடுத்துருக்கேன்."

"எங்க ஊரு ராமநாதபுரம் அண்ணே. அங்க ஆடுதான் இருக்கு."

அதற்கும் நான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. அந்த அலுவலகத்தில் கடைசிவரை அவரைச் சொந்தப் பெயர் சொல்லி அழைத்த ஒரே ஆள் பாய்தான்.

அவர் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்த முதல் வாரம் அவர் எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார். வாழையிலையில் கட்டிய சோறு கொண்டு வருவார். மெல்லும்போது அவர் தாடை பக்கவாட்டில் அசையும். நான் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, எல்லாரும் கவனிக்கும்படி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் முதல் அவர் மதியத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பெரிய போத்தலில் தண்ணீர் கொண்டு வந்து அதை மட்டும் குடிப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் சோறு. இருபத்தெட்டு வருடம் அப்படித்தான். அதையும் நான் விடவில்லை. "பாத்தீங்களா, ஒரு தடவ தண்ணி குடிச்சா போதும், சோறே வேணாம்" என்று புதிதாக வருபவர்களுக்குக் காட்டுவேன். அவரைப் பட்டினி போட்டதும் நான்தான். அந்தப் பட்டினியை ஒட்டகத்துக்குச் சாட்சியாக்கியதும் நான்தான்.

சில ஆண்டுகளில் துறைமுகம் முழுக்க அந்தப் பெயர் பரவியது. லோரிக்காரர்கள், கிடங்குக் காவலாளிகள், சுங்கத்துக்காரர்கள் எல்லாரும் தொலைபேசியில் "ஒட்டகம் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். ஒருநாள் அவரே தொலைபேசியை எடுத்து, "ஒட்டகம்தான் பேசுறேன், சொல்லுங்க" என்றதைக் கேட்டேன். வைத்த பிறகு, நான் பார்ப்பதைக் கவனித்து, "அப்படிச் சொன்னாத்தான் வேல நடக்குது சார்" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை.

மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது, அலுவலகத்துக் குடும்பங்களை எல்லாம் தீவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனோம். இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். அங்கே பிள்ளைகள் ஏறிச் சவாரி போக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ஓர் ஒட்டகம் இருந்தது. அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தேன். அவரை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் பிடித்தோம். குடும்பத்தார் இருந்ததால் யாரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டப்பெயரை வீட்டார் காதில் போடக் கூடாது என்ற அளவுக்கு எங்களுக்கு நாகரிகம் இருந்தது. படம் எடுத்தவர், சுற்றி நின்றவர்கள், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தச் சின்னப் பெண்ணும் எங்களைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். அப்பாவை எல்லாரும் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

அவர் அந்த மிருகத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இதுக்குக் கண்ணுக்கு மூணு இமை சார். ஒண்ணு மெல்லிசா இருக்கும். மணல் அடிக்கிறப்ப அத மட்டும் மூடிக்கிட்டு, வெளிய பாத்துக்கிட்டே நடக்குமாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க பேரு வச்ச பொறகு லைப்ரரில போய்ப் படிச்சேன் சார். என்னான்னு தெரிஞ்சுக்கணும்ல."

மறுநாள் அந்தப் படத்தை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கீழே அண்ணன் தம்பி என்று எழுதினேன்.

நாங்கள் ஓய்வு பெற்றோம். அவர் மனைவி இறந்தார். மகள் தேசியப் பள்ளியில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்து தெரியாது. உயரமாக வளர்ந்திருந்தாள். அதைப் பார்த்து அவளுக்கும் ஒட்டகச்சிவிங்கி என்று ஒரு பெயர் வைத்து, ஓய்வு பெற்ற நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அப்போது எனக்கு எழுபது வயது. சின்ன வயதில் ஏதோ தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் நோட்டீஸில் பெயரை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பட்டப்பெயரையும் போடுவது வழக்கம். அடையாள அட்டையில் உள்ள பெயர் பலருக்குத் தெரியாது. லோரி, ரேடியோ, முதலாளியைக் குறிக்கும் தவுக்கே என்று அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பார்த்துத்தான் யார் போனது என்று அறிந்து வருவார்கள். முன்பு அச்சடித்து, அம்புக்குறி போட்டு விளக்குக் கம்பங்களில் ஒட்டினார்கள். இப்போது போனில் வருகிறது. முப்பது வருடமாகப் பெரும்பாலும் நான்தான் அவற்றை எழுதிக் கொடுக்கிறேன்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மேசையில் ஒரு சின்ன கிண்ணத்தில் அளந்து வைத்திருந்தது.

"ஒட்டகத்துக்கே தண்ணி ரேஷனா?" என்றேன்.

சிரித்தார். உதடு வெடித்திருந்ததால் சிரிக்கும்போது வலித்திருக்க வேண்டும். பிறகு, "சார், ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளு."

"நோட்டீஸ் நீங்கதானே எழுதுவீங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா?"

"இல்ல சார். அதுல என் பேரு மட்டும் போடுங்க. பக்கத்துல பிராக்கெட் வேணாம்."

அவர் என் கையைப் பிடித்தார். எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

"மகளுக்குத் தெரியாது சார். அவளுக்குத் தெரியாம இத்தன வருஷம் வச்சிட்டேன். நான் போனப்புறம் தெரிய வேணாம்."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

பதினோரு நாள் கழித்து இறந்தார். காலையில் மகள் அழைத்தாள். "அங்கிள், அப்பா சொல்லிருந்தாரு, நோட்டீஸ் உங்ககிட்டதான் கேக்கணும்னு." உடனே உட்கார்ந்து எழுதினேன். பெயர் மட்டும்தான் போட்டேன். அதை முதலில் எங்கள் பழைய அலுவலகக் குழுவுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில்கள் வந்தன. யார் இவர்? எந்த செக்‌ஷன்? நமக்குத் தெரிந்தவரா? நோயில் இளைத்த முகம் என்பதால் படத்தை வைத்தும் அடையாளம் தெரியவில்லை.

ஆட்கள் வராமல் போய்விடுவார்களே என்றுதான் அதைச் சேர்த்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஒவ்வொருவருக்கும் தனியாக அழைத்துச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் போதும். உண்மையான காரணத்தை எழுதிவிடுகிறேன். நான் எத்தனையோ எழுதியிருக்கிறேன். கோவில் மலர்களில், நினைவு மலர்களில், மேடைகளில். ஒருவர்கூட ஒரு வரியை நினைவில் வைத்திருக்கவில்லை. நான் உண்டாக்கியதில் துறைமுகம் முழுக்க வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு சொல்தான். அது நோட்டீஸில் இல்லாமல் வெறும் பெயர் நின்றபோது, யார் இவர் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. என் சொல் இல்லாமல் அவர் இல்லை என்ற சந்தோஷம். அடைப்புக்குறியைப் போட்டு, உள்ளே ஒட்டகம் என்று தட்டி, மகளுக்கு அனுப்பினேன்.

அவள் பாகான் டாலாம் வீட்டு வாசலில் என்னிடம் போனைக் காட்டினாள்.

"பிராக்கெட்ல என்னா அங்கிள்?"

"ஹார்பர்ல அப்பாவுக்கு இருந்த மரியாதைப் பேரும்மா."

"என்னா அர்த்தம்?"

"நெடுந்தூரம் சுமை தாங்குறவர்னு அர்த்தம்."

அந்தச் சொல்லை நான் வாய்விட்டு உச்சரிக்கவில்லை; எழுத்து தெரியாத அவளுக்குப் பொருளே போதுமாக இருந்தது. அவள் அழுதாள். "அப்பா என்கிட்ட சொன்னதே இல்ல" என்றாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். அந்த நோட்டீஸை அவளே தனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அனுப்பினாள். கூட்டம் நிறைய வந்தது. படித்தவர்கள் படித்தார்கள், வாயைத் துடைத்துக்கொள்வது போலச் சிரிப்பைத் துடைத்துக்கொண்டார்கள். வழக்கந்தானே, வீட்டார் விரும்பிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பாய் தடியூன்றி வந்தார். வந்ததும் என்னிடம்தான் வந்தார்.

"அண்ணே, அவரு உங்ககிட்ட கேட்டாரா இல்லையா?"

"கேட்டாரு."

"அப்புறம்?"

நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்தேன். பாய் தடியை ஊன்றித் திரும்பினார். பிறகு போய் மகளின் பக்கத்தில் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

இறந்தவரை அக்கரையில், பட்டர்வொர்த் பக்கத்து மயானத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து மகள் கல் வைக்க ஏற்பாடு செய்தாள். "நோட்டீஸ்ல நீங்க எழுதுன மாதிரியே கல்லுலயும் போடலாமா அங்கிள்? அந்த மரியாதைப் பேரோட?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். காரணம் கேட்பாளே என்று பயந்தேன். "போடும்மா" என்றேன். கல் கொத்தியவர் ஒரு சீனர். அவருக்கும் தமிழ் தெரியாது. போனில் இருந்ததைப் பெரிதாக்கி, தாளில் வைத்து வரைந்து, வளைவு பிசகாமல் அப்படியே கொத்தியிருந்தார். பெயர். அடைப்புக்குறி. உள்ளே ஐந்து எழுத்து. தங்கநிற மை தடவி.

சென்ற ஆண்டு அவள் என் வீட்டுக்கு வந்தாள். கெலுகோரில் குடியிருக்கிறாள், வேலை விட்டுப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பாள். வரும்போதெல்லாம் எனக்குப் பழம் வாங்கி வருவாள். அன்று வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், இந்தப் போனு முட்டாள் லா. படத்த வச்சா மொழிபெயர்க்கும்னு சொன்னாங்க. அப்பா கல்லு மேல வச்சேன். பாருங்க என்னா காட்டுதுன்னு. உன்தாவாம்! அப்பாவ ஒட்டகம்னுது."

போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் பார்த்தேன். போன் சரியாகத்தான் படித்திருந்தது.

"மெஷினுக்கு என்னாம்மா தெரியும்" என்றேன்.

"அதானே!" என்றாள். "ஆனா அப்பாவுக்கு ஒட்டகம்னா ரொம்பப் புடிக்கும் அங்கிள். சின்ன புள்ளையில நாம பண்ணைக்குப் போனோம்ல, அந்தப் படத்த ஹால்ல மாட்டி வச்சிருக்கேன். அப்பா சிரிச்ச படம் அது ஒண்ணுதான் இருக்கு."

என் பேச்சை நம்பி, கையில் இருந்த உண்மையை முட்டாள் என்றாள். அவள் போன பிறகு அந்தப் பழத்தைத் தொட முடியவில்லை. நல்ல மனது வந்து அவளிடம் உடனே ஓடினேன் என்று நினைக்க வேண்டாம். அவளுக்குத் தெரியாமல் அந்தச் சொல்லை அழித்துவிடலாம் என்று கல் கொத்துகிறவரிடம்தான் ஓடினேன். அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாக் போலே லா, அங்கிள்" என்றார். முடியாது. கல் மகளின் பெயரில் இருக்கிறது, அவள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாளை என் கையில் கொடுத்தார். வேறு வழி இல்லாமல்தான் உண்மையைச் சொன்னேன்.

கெலுகோரில் அவள் அடுக்குமாடி வீட்டின் ஹாலில் உட்கார்ந்தேன். எதிரே சுவரில் அந்தப் படம் இருந்தது. தாளை மேசையில் வைத்துவிட்டு, முதல் நாள் மாடிப்படியிலிருந்து மருத்துவமனைச் சத்தியம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டாள்.

"அப்பா மதியம் சாப்பிடாம இருந்தது அதுக்குத்தானா? எங்ககிட்ட வயிறு சரியில்லன்னு சொல்வாரு."

"ஆமா."

"அம்மாவையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்னான்னு?"

சொன்னேன். ஒட்டகப் பறவை, பெட்டை, இரண்டு பெயரையும்.

"என்னைய?"

அதையும் சொன்னேன். பிறந்தபோது சொன்னதையும், வளர்ந்த பிறகு சொன்னதையும். அவள் எழுந்து சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, முகம் உள்ளே இருக்கும்படி சுவரோடு சாய்த்துத் தரையில் வைத்தாள். அப்பா சிரித்த ஒரே படம். அதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

"கையெழுத்துப் போட்டுக் குடும்மா" என்றேன். "நாளைக்கே எடுத்துடலாம். செலவு என்னுது."

"வேணாம்."

"அப்பாவுக்கு அவமானம்மா."

"அப்பா இருபத்தெட்டு வருஷம் தாங்குனாரு. இன்னும் கொஞ்ச காலம் தாங்குவாரு." குரலை உயர்த்தவில்லை. அப்பாவைப் போலவே தணிந்த குரல். "நீங்க தாங்குறீங்களான்னு பாப்போம். நீங்க இருக்கிற வரைக்கும் அது அங்கதான் இருக்கும் அங்கிள். நீங்க போன மறுநாள் நான் எடுத்துக்கிறேன். அது வரைக்கும் மாசா மாசம் நீங்க வந்து கல்ல கழுவணும். நான் வந்து பாப்பேன்."

"எனக்கு எழுபத்தொன்பது வயசும்மா."

"ஃபெரி ஓடுதுல்ல?"

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் போகிறேன். கையில் ஒரு வாளி, ஒரு துணி, பழைய பல்துலக்கி ஒன்று. எங்கள் ஊர் மழைக்குக் கல்லில் பாசி சீக்கிரம் பிடிக்கும். எழுத்தின் குழிகளில்தான் முதலில் படியும். விட்டுவிட்டால் ஓராண்டில் யாரும் படிக்க முடியாதபடி மூடிவிடும். நான் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்து அதைச் சுத்தமாக்குகிறேன். முதுகு நிமிர வெகுநேரம் ஆகிறது. பெயரும் தெளிவாகிறது, பக்கத்தில் இருப்பதும் தெளிவாகிறது.

சில மாதங்களில் அவள் வருவாள். பழம் கொண்டு வருவதில்லை. பேசுவதும் இல்லை. தூரத்தில் நின்று, நான் முடித்த பிறகு கல்லின் அருகே வந்து பார்ப்பாள். போன மாதம் வந்தபோது ஒரு விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டுக்கொண்டே போனாள். யாரிடமோ கேட்டுக் கற்றிருக்கிறாள். தமிழில் அவள் கற்ற முதல் எழுத்துகள் அந்த ஐந்தும்தான். இரண்டாவது எழுத்தில் விரலை நிறுத்தினாள்.

"புள்ளி சரியா தெரியல" என்றாள். "இன்னொரு தடவ தேய்ங்க."

மறுபடி குனிந்து தேய்த்தேன்.